கை நிறைய ரசம்

தினகரனால் அன்றைக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. ஊரப்பாக்கம் ரயில்வே கேட்டை ஒட்டிய டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தான். டீ வருவதற்குள் எழுந்து நின்றான். டீயை வாங்கிக்கொண்டு ரோட்டோரம் போனான், பாதியிலேயே திரும்பி வந்தான். போன் அடிக்கவில்லை என்று தெரிந்தும் சட்டைப்பையில் இருந்து எடுத்துப் பார்த்தான்.

காலையில் ஒரு புது எண்ணில் இருந்து அழைப்பு வந்திருந்தது.

"தினகரனா? போலீஸ் ஸ்டேஷன்லருந்து பேசறேன். ஞாயித்துக்கிழமை கீழ்க்கட்டளை மண்டபத்துல ஒருத்தர் கையில கொதிக்கிற ரசத்த ஊத்திட்டியாமே. வேணும்னே ஊத்துனன்னு எழுதிக் குடுத்திருக்காரு. நாளைக்குக் காலைல எஸ்.ஐ. மேடத்த வந்து பாரு. உங்க கான்ட்ராக்டரையும் கூட்டிக்கினு வா."

போலீஸ் ஸ்டேஷன் என்றால் பொதுவாக வருகிற பயம் அவனுக்கும் வந்தது. அதைவிடப் பெரிய பயம் வேறொன்று. காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஹாஸ்டல் மெஸ்ஸில் அவனுக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். மாதச் சம்பளம், பி.எஃப்., இரண்டு செட் யூனிஃபார்ம். மாணவர்கள் தங்கும் இடம் என்பதால் போலீஸில் இருந்து நன்னடத்தைச் சான்று வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். போன வாரம்தான் விண்ணப்பித்திருந்தான். 'இவர் பேரில் வழக்கு எதுவும் இல்லை' என்று ஒரு வரி வந்தால் அடுத்த மாதம் சேர்ந்துவிடலாம். வழக்கு என்று ஒன்று பதிவாகிவிட்டால் அந்த வாசலை மறந்துவிட வேண்டியதுதான்.

அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. மறைமலைநகரில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் கான்ட்ராக்டில் பிரஸ் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒருநாள் அந்த மாடல் காரே நின்று போய்விட்டது என்று சொல்லி, அந்த லைனில் இருந்த எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். தெருவில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுக்கும் கேசவன், "வேல கெடைக்கிற வரைக்கும் நாலு பந்தி பரிமாறுப்பா, வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போற" என்று கூப்பிட்டார். வேலை கிடைக்கிற வரைக்கும் என்று போனது, அதுவே வேலையாகிவிட்டது. முகூர்த்த நாட்களில் நிற்க நேரம் இருக்காது. ஆடி வந்தால் ஒன்றும் இருக்காது, மார்கழி வந்தாலும் அப்படித்தான். அந்த இரண்டு மாதங்களும் தினகரனுக்குப் பிடிக்காதவை. சும்மா இருந்தால் அவனுக்குக் கால் அரிக்கும். ஆடி இல்லாத வேலை ஒன்று கிடைத்தால் போதும் என்பதுதான் அவனுடைய ஒரே கணக்கு.

பரிமாறுவதில் அவன் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்திருந்தான். அதற்குக் காரணம் கேசவன் முதல்நாளே சொல்லிக் கொடுத்தது. "பந்தியில மூஞ்சப் பாக்காத. மூஞ்சப் பாத்தா அவன் மொறைக்கிறானா சிரிக்கிறானான்னு நிப்ப. அதுக்குள்ள அந்தாண்ட சாதம் ஆறிடும். கையப் பாரு. கை எல்லாத்தையும் சொல்லும்."

அது உண்மைதான். இலைக்கு மேல் உள்ளங்கை கவிழ்ந்து பரந்தால் வேண்டாம். விரல்கள் குவிந்து ஆடினால் கொஞ்சம். கை இலையை விட்டு விலகி மடியில் கிடந்தால் போடு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். ரசத்துக்கு மட்டும் இன்னொரு கை உண்டு. சாதத்தில் ஊற்றிக் கொண்டது போக, குடிப்பதற்கென்று கையைக் குழித்து நீட்டுவார்கள். சிலர் ஒரு கையில் வாங்குவார்கள். ரசத்தின் ருசி தெரிந்தவர்கள் இரண்டு கையையும் சேர்த்துக் குழித்து நீட்டுவார்கள். பேச்சு எதுவும் வேண்டியதில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தபடியே தினகரனின் கரண்டி அந்தக் கைகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டு போகும்.

ஞாயிற்றுக்கிழமை நடந்தது இதுதான்.

முகூர்த்தம் முடிந்து முதல் பந்திக்கு ஜனங்கள் முண்டியடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர், பெயர் சூர்யநாராயணன் என்று பின்னால்தான் அவனுக்குத் தெரியும், வரிசையின் நடுவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் கர்ச்சீப்பும் இன்னொன்றில் கண்ணாடிக் கூடும் வைத்திருந்தார். இலை போட்டாகிவிட்டது, உப்பு வைத்தாகிவிட்டது, அந்த இரண்டு இடங்களுக்கும் ஆள் வரவில்லை. பின்னால் ஒரு குடும்பம் நின்றுகொண்டிருந்தது. நாற்காலி காலியாக இருந்தால் கேசவன் கத்துவார். தினகரன் கர்ச்சீப்பையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்து அவரிடம் நீட்டினான்.

"யோவ், அதுக்கு ஆளு வரா. வெச்சுட்டுப் போ."

"பந்தி ஆரம்பிச்சாச்சு சார்."

"ஆரம்பிச்சா என்ன? அறிவு இருக்கா உனக்கு? கல்யாணத்துக்கு வந்திருக்கோம், பிச்சைக்கு வரல."

தினகரனுக்குக் காலையில் டிபனில் இருந்தே உட்கார நேரம் கிடைக்கவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான். "கர்ச்சீப்புக்கெல்லாம் இலை போட மாட்டோம் சார்."

எதிர் வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். சூர்யநாராயணனின் முகம் சிவந்தது. அவர் கர்ச்சீப்பைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை சொன்னார். தினகரனின் அம்மாவைச் சேர்த்துச் சொன்ன வார்த்தை. நின்றுகொண்டிருந்த குடும்பம் உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து முழங்கால் வலியோடு மெதுவாக வந்த அவர் மனைவிக்கு எதிர் வரிசைக் கோடியில்தான் இடம் கிடைத்தது.

பிறகு பொரியல், கூட்டு, சாம்பார் எல்லாம் போயிற்று. ரசம் தீர்ந்து, அடுப்பில் இருந்து அப்போதுதான் இறக்கியதை வாளியில் ஊற்றிக் கொடுத்தார்கள். தினகரன் வரிசையில் வந்தான். சூர்யநாராயணனின் இலைக்கு வந்தபோது இரண்டு கைகள் சேர்ந்து குழிந்து இலைக்கு மேல் நீண்டிருந்தன. கரண்டி நிறைய ஊற்றினான்.

அவர் அலறிக்கொண்டு எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது.

*

"இன்னா பண்ணி வெச்சிருக்க நீ?" மத்தியானம் தினகரன் வீட்டு வாசலில் ஸ்கூட்டரை அணைக்காமலேயே கேசவன் கேட்டார். "பத்து வருஷத்துல என் பேர்ல ஒரு புள்ளி கெடையாது. ஸ்டேஷன்லருந்து எனக்கும் போன் வந்துச்சு."

"கை நீட்னாருண்ணா. ஊத்துனேன்."

"அத்த அப்டியே சொல்லு. கூடவே இன்னொண்ணு சொல்லு. 'சூடு சார், சூடு சார்'னு சொல்லிகினுதான் வந்தேன்னு சொல்லு. நம்ம பசங்க எல்லாரும் சொல்றதுதான. அது ஒண்ணு போதும். சொல்லிட்டு ஊத்துனவன் வேணும்னு ஊத்த மாட்டான். பிரியுதா?"

தினகரன் தலையாட்டினான். கேசவன் போன பிறகு மாடிப்படியில் ஏறி, எதற்கு ஏறினோம் என்று தெரியாமல் இறங்கினான்.

பரிமாறுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரு பாட்டு உண்டு. வாளியோடு நடக்கும்போது வாய் தானாகச் சொல்லிக்கொண்டு போகும். ரசம் ரசம், சூடு சார், சூடும்மா, ரசம். அன்றைக்கும் அவன் வாய் சொல்லிக்கொண்டுதான் வந்தது. சூர்யநாராயணனுக்கு முந்தைய இலை வரைக்கும் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. அந்தக் குடும்பத்துச் சின்னப் பெண்ணிடம், "கைய எடும்மா, சூடு" என்று சொன்னான். அடுத்த இலை. அங்கே வாய் நின்றுவிட்டது. அதற்கு அடுத்த இலையில் மறுபடி ஆரம்பித்திருக்கும், அதற்குள் அலறல்.

அங்கே ஏன் நின்றது என்பதும் அவனுக்குத் தெரியும். அதுதான் அவனை உட்கார விடாமல் செய்தது.

வினிதா தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறாள். சாயங்காலம் வந்ததும் புடவைகூட மாற்றாமல், அவன் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஃபேன் ஸ்விட்ச எத்தினி வாட்டி போட்டுப் போட்டு அணைப்ப? குந்து."

உட்கார்ந்தான்.

"வேணும்னே ஊத்துனியா?"

"நீயே கேக்குறியா?"

"நாளைக்கு அவங்க கேப்பாங்க இல்ல. என்கிட்ட சொல்லிப் பழகு."

"இல்ல."

"கோவம் இருந்துச்சா?"

"இருந்துச்சு. அம்மாவ இழுத்துப் பேசுனான்ல. இருக்காதா?"

"இருக்கும். எனக்கா இருந்தா வாளியோட கவுத்திருப்பேன்." அவள் சிரிக்கவில்லை. "கை நீட்னது நெஜமா?"

"நெஜம். ரெண்டு கையும்."

"அப்புறம் எதுக்கு இப்டி ஆடுற? கை நீட்னாரு, ஊத்துன. சொல்லிட்டு வா."

தினகரன் ஸ்விட்சைப் பார்த்தான். "சூடுன்னு சொல்லல வினிதா. எல்லாருக்கும் சொன்னேன். அந்தாளுக்குச் சொல்லல."

"மறந்துட்ட."

"மறக்கல. அந்தாளோட பேசக் கூடாதுன்னு மனசுல வெச்சிருந்தேன். கூட்டு வெக்கும்போதே கூட்டுன்னு சொல்லல. சாம்பாருக்கும் சொல்லல. வாயத் தெறக்காம போட்டுகினு போனேன். ரசத்துக்கும் அப்டியே போய்ட்டேன்."

பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடி நின்றது.

"கொதிக்குதுன்னு தெரியுமா?"

"வாளி புடி சுட்டுச்சு. துணி சுத்தித்தான் தூக்கிகினு வந்தேன். தெரியாம இருக்குமா? ஆனா கை நீட்னப்போ அது நெனப்புல இல்ல. கை நீட்டுனா ஊத்தறது. அவ்ளோதான் ஓடுச்சு."

"கேசவண்ணன் இன்னா சொல்லச் சொன்னாரு?"

"சூடுன்னு சொன்னேன்னு சொல்லச் சொன்னாரு."

"பின்ன அத்தயே சொல்லு." சொல்லிவிட்டு அவளே, "சொல்ல முடியுமா உன்னால?" என்று கேட்டாள். பொய் சொன்னால் அவனுக்குக் காது மடல் சிவக்கும். கல்யாணமான புதிதிலேயே அவள் கண்டுபிடித்த விஷயம் அது.

"அந்த மெஸ் வேல போனா அவ்ளோதான் வினிதா."

"தெரியும். அதுக்குத்தான் கேக்குறேன்."

*

எஸ்.ஐ. தேவதர்ஷினிக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. மேஜைமேல் இருந்த டிபன் பாக்ஸை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு எல்லோரையும் உட்காரச் சொன்னார். சூர்யநாராயணன் உட்கார்ந்தார். வலது கையில் கட்டு, இடது கையில் மருந்து பூசியிருந்தது. அவர் பக்கத்தில் மனைவி நாகலக்ஷ்மி. கேசவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். தினகரனை யாரும் நிற்கச் சொல்லவில்லை. ஆனாலும் நின்றான். உட்கார்ந்தால் கால் ஆடும் என்று அவனுக்குத் தெரியும்.

"சார், நீங்க எங்க வேலை பாத்தீங்க?"

"இன்ஷூரன்ஸ்ல. க்ளெய்ம் செக்ஷன். ரிட்டயர் ஆயிட்டேன். குரோம்பேட்டைல இருக்கோம்." அவர் தினகரனைப் பார்க்காமலே பேசினார். "மேடம், நான் சும்மா கம்ப்ளெயின்ட் குடுக்கறவன் இல்ல. தெரியாம ஊத்தியிருந்தா விட்டிருப்பேன். இவன் ஏற்கெனவே எங்கிட்ட சண்டை போட்டான். நாலு பேர் சிரிக்கற மாதிரி பேசினான். அதுக்கப்புறம் வேணும்னே பண்ணினான்."

"இங்க பாருங்க," என்றார் எஸ்.ஐ., எல்லோருக்கும் பொதுவாக. "சூடான பொருளால வேணும்னு ஒருத்தரக் காயப்படுத்துனா அது சாதாரண அடிதடி கெடையாது. கத்தி, நெருப்புன்னு இருக்குல்ல, அதே வரிசைல சூடான பொருளும் வரும். ரசமும் வரும். நான் எஃப்.ஐ.ஆர். போட்டுத்தான் ஆகணும். ஆனா வேணும்னே செஞ்சதா இருக்கணும். கோவம் இருந்துச்சுங்கறது மட்டும் போதாது. இந்த ஊர்ல யாருக்குத்தான் கோவம் இல்ல. என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க சார்."

"இலைக்கு மேல கை வெச்சேன், வேண்டாம்னு. கை மேலேயே ஊத்தினான்."

"எந்தக் கை?"

"ரெண்டும்."

எஸ்.ஐ. அவர் இடது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கைய மேஜைமேல வைங்க சார். அன்னைக்கு வெச்ச மாதிரி."

அவர் இரண்டு கைகளையும் கவிழ்த்து வைத்தார். புறங்கைகளில், கட்டுத் துணி சுற்றியிருந்ததைத் தவிர, ஒன்றுமில்லை. சிவப்பும் கொப்புளமும் எல்லாம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கம் இருந்தன.

சூர்யநாராயணனே தன் கைகளைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு அவற்றைத் திருப்பினார்.

"வேண்டாம்னுதான் வெச்சேன்," என்றார், குரல் இறங்கி. "சாம்பாருக்கு அப்படித்தான் வெச்சேன். எனக்கு நன்னா ஞாபகம் இருக்கு."

"சாம்பாருக்கு," என்றாள் நாகலக்ஷ்மி. அவள் அதுவரை வாயைத் திறக்கவில்லை. "ரசம் வரும்போது நீங்க பக்கத்துல இருந்தவாகிட்ட ஸஹானா கதையச் சொல்லிண்டிருந்தேள். நான் எதிர்லருந்து பாத்துண்டுதானே இருந்தேன்."

"என்ன கதை?" என்றார் எஸ்.ஐ.

"எங்க பேத்தி மேடம். ஏழாம் மாசமே பொறந்துட்டா. யார் கெடைச்சாலும் இவர் அதச் சொல்லுவார். இவ்ளோதான் இருந்தா, ரெண்டு கைக்குள்ள அடங்கிட்டான்னு." நாகலக்ஷ்மி இரண்டு கைகளையும் சேர்த்துக் குழித்துக் காட்டினாள்.

தினகரனின் வலது கை தொடையருகே சற்றே அசைந்தது. கரண்டி இல்லாத கை. எஸ்.ஐ. அதைப் பார்த்தார்.

"ரசத்துக்கு நீட்ற கை மாதிரியே இருக்கு மேடம்," என்றார் கேசவன் அவசரமாக. "ருசியா குடிக்கிறவங்க அப்டித்தான் நீட்டுவாங்க. இவன் மூஞ்சப் பாக்க மாட்டான், கையத்தான் பாப்பான். நான்தான் சொல்லிக் குடுத்தேன். முடிஞ்சுபோச்சு மேடம். தெரியாம நடந்தது."

"முடியல," என்றார் சூர்யநாராயணன்.

அவர் கையை மடக்கிக்கொண்டார். முகத்தில் ரத்தம் ஏறியிருந்தது, ஆனால் பேச்சு நிதானமாக இருந்தது. "கை அப்படி இருந்திருக்கலாம். ஒத்துக்கறேன். நான் சொன்னது தப்பு. ஆனா நான் ஏன் வேணும்னுன்னு எழுதினேன்னு கேளுங்கோ. எனக்கு முன்னாடி இருந்த பொண்ணுகிட்ட இவன் சூடுன்னு சொன்னான். என் காதால கேட்டேன். அதுக்கு முன்னாடி எல்லாருக்கும் சொல்லிண்டே வந்தான். எனக்கு மட்டும் சொல்லல. அதான் என் கம்ப்ளெயின்ட்டே. மத்ததெல்லாம் சும்மா."

எஸ்.ஐ. தினகரனைப் பார்த்தார். "சொன்னியா?"

கேசவனின் பார்வை அவன்மேல் விழுந்தது. தினகரனுக்குக் காதுமடல் சூடானது, இன்னும் ஒன்றும் சொல்லாமலே. ஹாஸ்டல் மெஸ்ஸின் நீளமான ஸ்டீல் கவுன்டர் ஒருகணம் கண்ணில் வந்துபோனது. நேர்காணலுக்குப் போனபோது அதைக் கையால் தடவிப் பார்த்திருந்தான். சில்லென்று இருந்தது.

"சொல்லல மேடம்."

கேசவன் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார்.

"ஏன்?"

"இவரோட பேசக் கூடாதுன்னு இருந்தேன். அம்மாவச் சேத்துப் பேசிட்டாரு. அப்பலருந்து இவர் இலைக்கு வந்தா வாயத் தெறக்கல. கூட்டுக்குத் தெறக்கல, சாம்பாருக்குத் தெறக்கல. ரசத்துக்கும் அப்டியே." அவன் சூர்யநாராயணனைப் பார்த்தான். பந்தியில் அவர் முகத்தை அவன் சரியாகப் பார்த்திருக்கவில்லை. இப்போதுதான் பார்க்கிறான். மூக்கில் கண்ணாடித் தழும்பு. சரியாகத் தூங்காத கண்கள். "சார், கை நீட்டுனீங்க, ஊத்துனேன். அது வேணும்னு செஞ்சது இல்ல. சொல்லாம இருந்தேன் பாருங்க, அதுதான் வேணும்னு செஞ்சது."

வெளியே வயர்லெஸ் கரகரத்தது. ஒரு கான்ஸ்டபிள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

சூர்யநாராயணன் கட்டுப் போட்ட கையால் மேஜைமேல் இருந்த பேனாவை நகர்த்தினார், பிறகு பழைய இடத்துக்கே கொண்டுவந்தார். "முப்பது வருஷம் க்ளெய்ம் பாத்தேன்," என்றார் எஸ்.ஐ.யிடம். "விபத்துன்னு எழுதி வருவா. போய் பாத்தா வேணும்னு பண்ணியிருப்பா. வேணும்னு பண்ணினதா சந்தேகப்பட்டு எழுதுவோம், போய் பாத்தா வெறும் அலட்சியமா இருக்கும். ஒருத்தன்கூட, இந்தப் பாதி வேணும்னு, அந்தப் பாதி தெரியாமன்னு சொன்னது இல்ல."

"அப்ப என்ன பண்ணலாம் சார்?" என்றார் எஸ்.ஐ. "சமாதானம்னா எழுதி வாங்கிக்கறேன். இல்லன்னா என் வேலைய நான் பாக்கணும்."

கேசவன் கைகூப்பினார். "பெரிய மனசு பண்ணுங்க சார். இவனுக்கு ஒரு எடத்துல வேல கெடைக்கப் போவுது. போலீஸ் சர்டிபிகேட் கேட்டிருக்காங்க. இது பதிவாச்சுன்னா போச்சு."

"அத எதுக்கு இப்ப சொல்றீங்கண்ணா," என்றான் தினகரன் மெதுவாக.

"நான்தான் சொல்லணும். நீ சொல்லவா போற."

சூர்யநாராயணன், "சமாதானம்னே எழுதுங்கோ," என்றார். கான்ஸ்டபிள் உள்ளே வந்து வழக்கமாக எழுதுவதை எழுத ஆரம்பித்தார். படித்துக் காட்டினார். 'மேற்படி நபர் மீது வேண்டுமென்றே சூடான ரசத்தை ஊற்றியதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்வதுடன், இனிமேல் இதுபோன்ற செயல்களில்…'

"அதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன்," என்றான் தினகரன்.

"டேய்," என்றார் கேசவன்.

"ஊத்துனது வேணும்னு இல்லண்ணா. அதுல அப்டி கீது."

கான்ஸ்டபிள் எரிச்சலோடு எஸ்.ஐ.யைப் பார்த்தார். சூர்யநாராயணன் இடது கையை நீட்டி அந்தத் தாளை வாங்கினார். கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு படித்தார். பழக்கம் விடவில்லை போலிருக்கிறது, ஒரு வரியில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது தப்பு. 'வேண்டுமென்றே'ங்கறத எடுத்துடுங்கோ. 'சூடாக இருப்பதை அறிந்திருந்தும் முன்கூட்டியே எச்சரிக்காமல் இருந்ததற்கு'ன்னு போடுங்கோ." தினகரனை முதல்முறையாக நேரே பார்த்தார். "அதுல போடுவியா?"

"போடுறேன் சார்."

"மன்னிப்பும் அதுக்குத்தான்."

"அதுக்குக் கேக்குறேன் சார். சொல்லாம விட்டதுக்கு மன்னிச்சிடுங்க."

"கர்ச்சீப்புக்கு இலை போட மாட்டேன்னு சொன்னியே, அதுக்கு?"

தினகரன் கொஞ்சம் யோசித்தான். "அதுக்குக் கேக்க மாட்டேன் சார். நீங்க எங்க அம்மாவச் சொன்னதுக்குக் கேட்டா அப்ப பாக்கலாம்."

கேசவன் கண்ணை மூடிக்கொண்டார். நாகலக்ஷ்மிதான் சிரித்தாள், சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்து. "எனக்கும் கூட வந்தவாளுக்கும்தான் இவர் இடம் போட்டு வெச்சார். எனக்குக் கால் வலி. மாடிப்படி ஏறி வரதுக்குள்ள போயிடுத்து," என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

தினகரனுக்கு அது தெரியாது. கர்ச்சீப் போடுகிறவர்கள் எல்லோரையும் அவன் ஒரே ஆளாகத்தான் பார்த்துப் பழகியிருந்தான்.

சூர்யநாராயணன் மன்னிப்புக் கேட்கவில்லை. வலது கையில் பேனா பிடிக்க வராமல் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கும்போது நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, "அந்த மாதிரியெல்லாம் நான் பேசறவன் இல்ல," என்றார். அதைத் தினகரனிடம் சொன்னாரா, மனைவியிடம் சொன்னாரா என்று தெரியவில்லை. தினகரன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். இரண்டு பேரும் மெதுவாக வெளியே போனார்கள்.

எஸ்.ஐ. தாளை ஃபைலில் செருகினார். "கேஸ் ஆகல. மனு முடிஞ்சுதுன்னு இருக்கும். சர்டிபிகேட்டுக்கு உங்க ஏரியால விசாரிப்பாங்க, வழக்கு இல்லன்னுதான் வரும். போ." அவன் வாசலைத் தாண்டும்போது பின்னால் இருந்து, "சூடுன்னு சொன்னேன்னே சொல்லியிருக்கலாமேய்யா" என்று கேட்டது. கேட்டவர் கான்ஸ்டபிள். தினகரன் திரும்பாமல் தலையை மட்டும் ஆட்டினான்.

கேசவன் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். மேடவாக்கம் ரோடு வரும் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சிக்னலில் நின்றபோது மட்டும் சொன்னார். "பொழச்சிகின. இல்லன்னா உன்னாண்ட நானே ஒரு வருஷம் பேசியிருக்க மாட்டேன்." பிறகு தானே சொன்னதைக் கேட்டு, "சரி வுடு," என்றார்.

*

அடுத்த முகூர்த்தம் தாம்பரத்தில். மெஸ் வேலைக்குப் போவதற்கு முன் இதுதான் கடைசி என்று கேசவனிடம் சொல்லியிருந்தான். சான்று இன்னும் கைக்கு வரவில்லை. வந்துவிடும் என்று வினிதா சொன்னாள். வருமா என்று அவன் காலையில் இருந்து நாலைந்து தடவை போனைப் பார்த்துவிட்டான்.

ரச வாளியை அவனிடம் கொடுக்க வேண்டாம் என்று கேசவன் சொல்லி வைத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து ஒரு ஆள் வரவில்லை. கடைசியில் வாளி அவன் கைக்குத்தான் வந்தது. பிடியில் துணி சுற்றினான்.

"சூடு சார். சூடும்மா. ரசம், சூடு." வரிசை தொடங்கியது. இலைக்கு இலை சொன்னான். சிலர் நிமிர்ந்து பார்த்துத் தலையசைத்தார்கள். நடுவில் கட்டம் போட்ட சட்டைக்காரர் ஒருவர் கை கழுவும் இடத்தைப் பார்த்துக்கொண்டே கையைக் குழித்து நீட்டினார். தினகரன் நின்றான். கரண்டி வாளியின் விளிம்பில் நின்றது.

"சார், சூடு."

அவர் திரும்பவில்லை.

"சார்."

அவர் திரும்பும் வரைக்கும் தினகரன் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பின்னால் மோர் வாளியோடு வந்தவன் முட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் அப்பளக் கூடை. வரிசை முழுக்க நின்றுவிட்டது.

"இன்னாத்துக்குடா மூஞ்சப் பாத்துகினு கீற," என்று கோடியில் இருந்து கேசவன் கத்தினார். "சாதம் ஆறுது."

அந்தச் சட்டைக்காரர் திரும்பிப் பார்த்தார். "கேட்டுச்சுப்பா, ஊத்து," என்றார்.

தினகரன் கொஞ்சமாக ஊற்றினான். அவர் ஊதி ஊதிக் குடித்து முடிக்கும் வரைக்கும் அடுத்த இலைக்கு நகரவில்லை.